தாத்தாவின் பெயர் எந்த மாவட்டத்தில்?

சாதிச் சான்றிதழுக்கோ பட்டாவுக்கோ தாலுகா அலுவலகம் போகும்போதுதான் நம்மில் பலர் தாத்தாவின் பெயரைத் தேடுகிறோம். 'பழைய ஆவணம் உண்டா?' என்று கேட்டால் கையை விரிக்கிறோம். ஊர்த்தெருவில் பத்திரக்கட்டு பெட்டியில் இருந்தது. சேரியில் கூரை ஒழுகியது, எரிந்தது, காகிதம் தங்கவில்லை. ஆனால், நம் முன்னோர் பெயர் எங்குமே எழுதப்படவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். தேட வேண்டிய இடம் வேறாக இருக்கலாம்.

திருத்தணி வட்டாரத்தில் ஊர் நகரவில்லை, மாவட்டம் நகர்ந்தது. 1911 வரை வட ஆற்காடு. அந்த ஆண்டு புதிதாக உருவான சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதோடு போனது. எல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் பரிந்துரைக்கும் பின், 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்தில் இணைந்து செங்கல்பட்டு மாவட்டமானது. 1997 முதல் திருவள்ளூர். எனவே, 1955இல் பள்ளியில் சேர்ந்த தாத்தாவின் பதிவு தெலுங்கில் இருக்கலாம். நிலக்கோப்பு சித்தூரில் தங்கியிருக்கலாம்.

சாதிப் பெயரும் மாறியது. எம்.சி.ராஜா முன்னெடுத்த கோரிக்கையின் பேரில், 1922இல் பழைய பெயர்களுக்குப் பதிலாக 'ஆதி திராவிடர்' என்றும், தெலுங்கருக்கு 'ஆதி ஆந்திரர்' என்றும் எழுத அரசு ஏற்றது. அதற்கு முந்தைய ஏடுகளில் பறையர், மாலா, மாதிகா, பஞ்சமர் என்றிருக்கும். கூசிப்போய் மூடிவிடாதீர்கள். இழிவாகக் கருதி எழுதியிருந்தாலும், அந்த வரிதான் இன்று உங்கள் சாட்சி.

முதலில் வீட்டின் மூத்தவர்களிடம் கேளுங்கள். தாத்தா, பாட்டி, அவர்களின் பெற்றோர் பெயர், அழைப்புப் பெயர், பிறந்த ஊர், குலதெய்வம், கூலிக்குப் போன ஊர் என எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, அவர்கள் படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேடு.

நிலம் இருந்திருந்தால் அ-பதிவேடு, அடங்கல், சார்பதிவாளர் அலுவலக வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பாருங்கள். இது கார்வேட்நகர் ஜமீன் பகுதி. அதனால் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிந்தைய செட்டில்மென்ட் பதிவேடுகள் முக்கியம். 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முன் யார் பெயர், பின் யார் பெயர் என்று ஒப்பிடுங்கள். ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையுடன் ஒப்படைத்த நிலமா என்றும் பாருங்கள். அப்படியென்றால், நிபந்தனையை மீறி பிறருக்கு விற்றது செல்லாது என்று வாதிட வழியுண்டு. அதற்குத் தாத்தாவின் பெயருள்ள அந்த ஒரு பக்கம் வேண்டும்.

'கப்பலேறிப் போனவர் திரும்பவில்லை' என்ற பேச்சு வீட்டில் உண்டா? 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சுமார் 1,52,000 பேர் போனார்கள். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம் எழுதப்பட்டன. பெண்களுக்கும் தனி எண், தனி வரி உண்டு. அங்கிருந்து வேர் தேடி வருவோர் இந்தப் பட்டியலை வைத்துத்தான் கிராமத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். திருத்தணியைச் சேர்ந்தவரை அதில் 'வட ஆற்காடு' என்றே தேட வேண்டும்.

ஏடு எந்த அலுவலகத்தில் இருக்கிறதென்று தெரிந்ததும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சான்றிட்ட நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். சித்தூர் அலுவலகத்துக்கும் மனு போடலாம். பழைய அரசாணைகளுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

மாணவர்களே, இந்த விடுமுறையில் ஒரு நோட்டு வாங்கி, பாட்டியின் பெயரிலிருந்து தொடங்குங்கள். நில ஏடுகளில் பெண்கள் பெயர் அரிது. பாட்டியின் தாய் பெயர் அவர் நினைவில் மட்டுமே இருக்கலாம்.