கைக்கேற்ற பின்னல் ஊசி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தன் குறையைக் கருவியின்மேற் சுமத்துவோரை நகையாட எழுந்த பழமொழி இது. ஆயினும், குரோசே பின்னும் நம் தாய்மாரும் சகோதரிகளும் கைவலியால் வருந்தும்போது, கூடம் உண்மையிலேயே கோணல்தான் என்று நாம் கூறவேண்டியிருக்கிறது.

குரோசே என்பது சிறு கொக்கி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். முனையிற் கொக்கியுள்ள ஓர் ஊசியும் நூலுமே இக்கலைக்கு வேண்டிய முதல். 1845ஆம் ஆண்டு தொடங்கிய பெரும் பஞ்சத்தின்போது அயர்லாந்துப் பெண்கள் பலர் இப்பின்னலை விற்றே தம் குடும்பங்களைக் காத்தனர். எத்தனையோ இயந்திரங்கள் வந்துவிட்ட இந்நாளிலும், கடைக்கு வரும் உண்மையான குரோசே கையாற் பின்னியதே. யாழ்ப்பாணத்தில், 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷன் தொடங்கிய மகளிர் விடுதிப் பாடசாலைக் காலந்தொட்டே பெண் கல்வியோடு தையற் கலையும் சேர்ந்து வளர்ந்தது. அம்மிஷனின் நிலையங்களுள் சாவகச்சேரியும் ஒன்று.

கடையில் வாங்கும் உருக்கு ஊசி நூலுக்கு ஏற்றது, கைக்கு ஏற்றதன்று. பிடி மெலிந்திருப்பதால் பெருவிரலும் சுட்டுவிரலும் அதை இறுக்கிப் பற்ற நேர்கிறது. ஒரே அசைவு ஆயிரம் முறை நிகழும்போது விரல் மூட்டும் மணிக்கட்டும் நோகின்றன. பின்னலே வருமானமாக உள்ள வீட்டில் கை ஓய்ந்தால் அடுப்பும் ஓயுமன்றோ?

மண்வெட்டிக்குப் பிடி போடும் தச்சர், பிடிப்பவர் கையைப் பார்த்தே சீவுவார். அந்த மரியாதையைப் பெண்களின் ஊசிக்கும் அளிக்கவேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

தென்மராட்சியில் மரத்திற்குக் குறைவில்லை. பலாவும் வேம்பும் வளவுதோறும் நிற்கின்றன. வேலிக் கதியாலாக நட்ட பூவரசு முற்றினால், அதன் வைரம் செதுக்குவதற்கு இணங்கிய நல்ல மரமாகும். பனை வலியதாயினும் சிலாம்பு எழும்பி நூலைப் பற்றக்கூடும். ஆதலின் அதைத் தவிர்த்தல் நன்று.

நிழலில் நன்கு உலர்ந்த துண்டாக எடுத்து, நார் நீளவாக்கில் ஓடுமாறு பிளந்துகொள்க. நார் குறுக்கே ஓடினால் கொக்கியின் கழுத்து முறிந்துவிடும். பிடி ஏறத்தாழச் சுண்டுவிரற் பருமன் இருக்கட்டும். அதன் நுனி உள்ளங்கை நடுவிற் குத்தாமல் கையைக் கடந்து நிற்கவேண்டும். பெருவிரல் அமரும் இடத்தைச் சற்றே தட்டையாகச் சீவுக. பேனாவைப்போலப் பிடிப்பவரும் கத்தியைப்போலப் பிடிப்பவரும் உளர். ஆகவே பிடிப்பவர் கையில் வைத்துப் பார்த்தே முடிக்கவேண்டும். பின்னர் அரத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசி உலரவிடுக. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தால் தானே தீப்பற்றக்கூடும். அதை விரித்து உலர்த்துக.

முழு மர ஊசி தடித்த நூலுக்கும் கம்பளிக்குமே பொருந்தும். மேசை விரிப்புப் போன்ற நுண்ணிய வேலைக்கு இரண்டு மில்லிமீற்றரிலும் மெல்லிய முனை வேண்டும். மரம் அதற்குத் தாங்காது. அதற்கும் வழியுண்டு: பழைய உருக்கு ஊசியையே மரப்பிடியிற் செருகிக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்களும் எலும்பிலும் மரத்திலும் பிடி செய்து இவ்வாறே பயன்படுத்தினர்.

நல்ல ஊசி கிடைத்தாலும் ஓய்வு அவசியம். அரைமணிக்கொருமுறை ஊசியை வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்குக. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல்களில் விறைப்பு நீடித்தால் வைத்தியரை நாடுக.

கைப்பணி பயிலும் மாணவர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் அன்னையின் கைக்கு அளவெடுத்து ஓர் ஊசி செய்துபாருங்கள். அது சரியாக அமைந்ததா என்பதை அவர் மாலை முழுவதும் பின்னிய பின்னர் கேட்டறியுங்கள்.