அரிசி ஒன்றுதான், கிணறு வேறு

ஜப்பானில் சாகே என்னும் அரிசி மதுவைத் தரம் பார்ப்பவர்கள் அதற்கென்றே ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம் வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நீல வளையங்கள். வளையத்தின் விளிம்பு துல்லியமாகத் தெரிந்தால் மது தெளிவாக இருக்கிறது என்று பொருள். வெள்ளைப் பரப்பில் லேசான மஞ்சள் சாயலும் தப்பாது. கண் பார்த்த பிறகுதான் மூக்கு, அப்புறம்தான் நாக்கு.

அந்த ஒரு வாய் மதுவுக்குப் பின்னால் பெரிய வேதியியல் இருக்கிறது. திராட்சையில் சர்க்கரை தயாராக இருக்கிறது; ஈஸ்ட் சேர்ந்ததும் நொதிக்கத் தொடங்கிவிடும். அரிசியில் இருப்பது மாவுச்சத்து. அதை ஈஸ்ட்டால் நேரடியாக உண்ண முடியாது. தீட்டிய அரிசி முளைக்காது என்பதால், பார்லியை முளைகட்டிப் பீர் தயாரிக்கும் வழியும் இங்கே அடைபட்டுவிடுகிறது.

ஜப்பானியருக்குக் கைகொடுத்தது ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சை. ஆவியில் வெந்த அரிசியை வெதுவெதுப்பான அறையில் பரப்பி, பூஞ்சையின் வித்துத்தூளைத் தூவுகிறார்கள். ஏறக்குறைய இரண்டு நாளில் ஒவ்வொரு மணியிலும் வெண்மை படர்கிறது. இதுதான் கோஜி. இதிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன.

கோஜி, வெந்த அரிசி, தண்ணீர், ஈஸ்ட் எல்லாம் ஒரே தொட்டியில் ஊறலாகின்றன. நான்கு நாளில் மூன்று தவணையாகச் சேர்ப்பது வழக்கம். இரண்டாம் நாள் எதையும் சேர்க்காமல் ஈஸ்ட்டைப் பெருக விடுகிறார்கள். கோஜி சர்க்கரையைக் கொடுக்கக் கொடுக்க, ஈஸ்ட் அதை ஆல்கஹாலாக மாற்றிக்கொண்டே வருகிறது. தாய் குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதுபோல இது நடப்பதால், ஈஸ்ட் திணறுவதில்லை. காய்ச்சி வடிக்காமலே ஆல்கஹால் 20 சதவீதத்தை எட்டுவது இதனால்தான். பெரும்பாலும் நீர் கலந்து 15, 16 சதவீதமாக்கிப் புட்டியில் அடைக்கிறார்கள்.

ஊருக்கு ஊர் சுவை மாறுவதில் தண்ணீருக்குப் பெரும் பங்குண்டு. கோபே அருகிலுள்ள நாடா பகுதியில், யமமுரா தசாயெமோன் என்பவருக்கு இரண்டு ஊர்களில் ஆலைகள் இருந்தன. நிஷினோமியா ஆலையின் சாகே மட்டும் எப்போதும் மேலாக இருந்தது. அரிசியை மாற்றிப் பார்த்தார், ஆட்களை மாற்றிப் பார்த்தார், பலனில்லை. 1840 வாக்கில் அவ்வூர்க் கிணற்று நீரையே மற்ற ஆலைக்குக் கொண்டுபோனபோது விடை கிடைத்தது என்கிறார்கள். அந்த நீரில் ஈஸ்ட்டுக்கு உரமான பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதிகம். இரும்பு மிகக் குறைவு. இரும்பு இருந்தால், கோஜி உண்டாக்கும் ஒரு சேர்மத்தோடு இணைந்து மதுவைச் செம்பழுப்பாக்கிவிடும்.

நாடாவின் கடினநீரில் நொதித்தல் வேகமெடுக்கும். சுவையில் ஒரு விறைப்பு வரும். கியோட்டோவின் ஃபுஷிமியில் நீர் மென்மை, சாகேயும் மென்மை. ஹிரோஷிமாவின் நீர் இன்னும் மென்மையாக இருந்ததால், நாடாவின் முறை அங்கே எடுபடவில்லை. கோஜியை மணியின் உள்வரை நன்கு வளரவிட்டு, குளிர்ச்சியில் மெதுவாக நொதிக்க வைக்கும் முறையை மியுரா சென்சபுரோ என்ற சாகே தயாரிப்பாளர் வகுத்து, 1898இல் நூலாக வெளியிட்டார். குறை என்று நினைத்த தண்ணீரே ஹிரோஷிமாவின் பெருமையானது.

குளிரில் மெதுவாக நொதிக்கும் கிஞ்சோ வகைக்கு, அரிசியில் 60 சதவீதமோ அதற்குக் குறைவோ மிஞ்சும்வரை தீட்டுகிறார்கள். மேலடுக்கிலுள்ள புரதமும் கொழுப்பும் நீங்கினால் சுவை தெளியும். அதில் வரும் வாழைப்பழ, ஆப்பிள் மணங்களை எந்தப் பழமும் தரவில்லை, ஈஸ்ட்தான் உண்டாக்குகிறது. வெப்பம் இந்த மணத்தைக் கலைத்துவிடும் என்பதால், கிஞ்சோவைக் குளிர்ச்சியாக அருந்துவதே பொருத்தம். அரிசிச் சுவை தூக்கலான ஜுன்மாய் வகைகளில் பலவும் 40 டிகிரிச் சூட்டில் மலரும்.

சாகேயைச் சுவைக்க வாய்ப்புள்ளவர்கள் இரண்டு ஊர்ப் புட்டிகளை அருகருகே வைத்துச் சிறு வாய்களாகப் பருகிப் பார்க்கலாம். ஒரே வகை அரிசி, ஒரே அளவு தீட்டல் என்று தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது. அப்போது நாக்கு உணரும் வேறுபாட்டில் பாதி அந்தந்த ஊர் மண்ணுக்கடியில் ஓடும் நீருடையது; மீதி, அந்த நீரோடு வாழப் பழகிய மனிதர்களுடையது.