நான்கு சக்கரங்களும் நாலு நண்பர்களும்

கொல்கத்தாவில் குளிர்காலம் வந்துவிட்டால் பழைய வண்டிகளுக்குத் திருவிழாக் காலம். 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் 1968 முதல் அந்நகரில் நடத்திவரும் பழங்கார் பேரணியைக் காண மக்கள் திரள்கின்றனர். பித்தளை விளக்குகளும் கம்பிச் சக்கரங்களுமாக ஊர்ந்து வரும் வண்டியைப் பார்த்து, அதன் உரிமையாளரை நாம் வியக்கிறோம். உண்மையில் அந்த வியப்பை ஏழெட்டுப் பேருக்குப் பங்கிட்டுத் தர வேண்டும். வண்டி எந்த அளவுக்கு அதன் மூல வடிவிலேயே இருக்கிறது என்பதற்கு அங்கே மதிப்பெண் உண்டு. மூல வடிவம் என்பது தனியொருவர் பணத்தால் மட்டும் கிட்டுவதன்று. ஒரு திருகாணியின் சரியான புரி எது என்று நினைவில் வைத்திருக்கும் ஒரு முதியவர் வேண்டும்; அதைக் கடைந்து தர ஒருவர் வேண்டும்.

தென் கொல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதிக்கு இவ்வகைக் கூட்டுறவு புதிதன்று. நம் ஊரில் திண்ணைப் பேச்சு எப்படியோ, வங்காளிகளுக்கு 'ஆட்டா' அப்படி. வேலை எதையும் முன்னிட்டுத் தொடங்காத பேச்சு அது; ஆனால் பல வேலைகள் அதிலிருந்தே தொடங்குகின்றன. ராஷ்பிஹாரி அவென்யூவில் சற்று மேற்கே நடந்தால், நம்மவர் தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட் வந்துவிடும். அங்கே காபி, இங்கே தேநீர். பேச்சின் நீளத்தில் வேறுபாடு காண்பது கடினம்.

பாலிகஞ்சுக்கு வடக்கே, பார்க் வீதியும் ஆச்சார்ய ஜகதீச சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் இடத்தில் மல்லிக் பஜார் இருக்கிறது. பழைய மோட்டார் உதிரி பாகங்களுக்குப் பெயர்பெற்ற சந்தை அது. அங்கே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பொருள் தேடுவதைவிட, ஆளைத் தெரிந்துகொண்டு தேடுவதே விரைவான வழி.

ரித்விக் கட்டக் 1958இல் இயக்கிய 'அஜாந்திரிக்' திரைப்படத்தை நாம் இங்கே நினைத்துக்கொள்கிறோம். பிமல் என்னும் ஓட்டுநர், ஜகத்தல் என்று பெயரிட்ட தன் பழைய செவர்லே காரோடு மனிதரோடு பேசுவது போலப் பேசுவார். ஊரார் அவரை எள்ளி நகைப்பர். இறுதியில் கார் இரும்பு விலைக்குப் போகிறது. அந்தப் படத்தின் துயரத்தை வேறு பலவாறு விளக்கியவர்கள் உண்டு. எமக்கோ, பிமலுக்குப் பட்டறைத் தோழர் நால்வர் இருந்திருந்தால் என்றுதான் தோன்றுகிறது.

பழங்கார் ஒன்றை வைத்துக்கொள்ளப் பெரிய கொட்டகை வேண்டும். தோட்ட வீடுகள் அடுக்ககங்களாகிவிட்ட பாலிகஞ்சில் அது எளிதன்று. ஏறத்தாழ ஆறடி நீளமே கொண்ட பந்தய கோ-கார்ட் மாடிப்படியின் கீழேகூட அடங்கிவிடும். அது பிறந்ததும் இரு நண்பர்களின் முயற்சியாலேயே. 1956இல் கலிபோர்னியாவில், பந்தயக் கார் கட்டும் பட்டறையொன்றில் பணியாற்றிய ஆர்ட் இங்கெல்ஸ், நண்பர் லூ பொரெல்லியுடன் சேர்ந்து, புல்வெட்டும் இயந்திரத்துக்கென உருவான வெஸ்ட் பெண்ட் எஞ்சினைக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தினார். அதைக் கண்டவர்கள் தாமும் ஒன்று கட்டிக்கொண்டனர். பாசடீனாவில் ரோஸ் பௌல் அரங்கின் வண்டி நிறுத்துமிடத்தில் கூடி ஓட்டினர். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மூன்று நண்பர்கள் நிறுவனம் அமைத்து, வாங்குபவர் தாமே பூட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்பாக அதை விற்றனர். ஆகவே வீட்டில் கூடிப் பூட்டுவது கார்ட்டின் பிறவிக் குணம்.

நம் நாட்டுப் பந்தய உலகமும் ஏறக்குறைய இப்படியே வளர்ந்தது. போர்க்கால விமான ஓடுதளங்களே முதல் களங்கள்: கொல்கத்தாவுக்குப் பாரக்பூர், சென்னைக்குச் சோழவரம். ஆண்டுதோறும் சோழவரத்துக்குக் கொல்கத்தாவிலிருந்தும் ஓட்டுநர்கள் வந்தனர். ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர் எஞ்சின்களை வைத்து உள்ளூரிலேயே கட்டிய வண்டிகள் அங்கே ஓடின. கோவையின் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி பந்தய வண்டியை உருவாக்கினார். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை சென்ற நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அதைத்தான்.

பழைய கார்ட்டைப் பார்க்கும்போது, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அதற்குச் சுருள்வில் இல்லை. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டவை. வளைவில் உட்புறப் பின்சக்கரம் தரையைவிட்டுச் சற்றே எழும்பினால்தான் வண்டி திரும்பும். அப்படி எழுப்புவது குழாய்ச் சட்டத்தின் நெகிழ்ச்சி. விரிசலைக் கண்டு பதறி, தடித்த தகட்டை ஒட்டி வெல்டிங் செய்துவிட்டால் சட்டம் விறைத்துப்போகும். வண்டியும் திரும்ப மறுக்கும். கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர்ச் சவ்வு பல ஆண்டுகளில் காய்ந்து கடினமாகியிருக்கும். இரண்டு வீச்சு எஞ்சினில் தண்டின் ஓரத்து ரப்பர் அடைப்பு கசிந்தால் காற்று அதிகமாகப் புகுந்து, எரிபொருட்கலவை நீர்த்து, பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சட்டத்துக்கு ஒருவர், எஞ்சினுக்கு ஒருவர், காந்தத் தீப்பொறி அமைப்புக்கு இன்னொருவர் என்று வேலை தானாகவே பிரிந்துவிடுகிறது. எல்லாம் அறிந்த ஒருவர் கிடைப்பது அரிது. கிடைத்தாலும், அவரோடு இணைந்து வேலை செய்வது இன்னும் அரிது!

வங்கி வாடிக்கையாளர்களிடம் பணத்தைப் பற்றியும் ஒரு சொல். நால்வர் சேர்ந்து ஒரு வண்டி வாங்கினால், சட்டம் யாருடையது, எஞ்சின் யாருடையது, ஒருவர் மாற்றலாகிச் சென்றால் அவர் பங்கு என்னாகும் என்பவற்றை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுதல் நலம். செலவுக்கென ஒரு கூட்டுக் கணக்கு தொடங்கி, இருவர் கையொப்பத்தில் பணம் எடுக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். இதை முதலீடாகக் கருத வேண்டாம். விற்கும்போது உழைப்புக்கு விலை கிடைப்பதில்லை. சாலையில் ஓடும் பழைய வண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியது வேறு. 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனிப் பதிவு விதிகளை வகுத்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். வணிகத்துக்கு ஓட்டக் கூடாது. ஓடுகளத்தோடு நிற்கும் கார்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இந்த முயற்சியில் அவசரம் இயந்திரத்தைப் பற்றியதன்று. ரப்பர்ச் சவ்வைப் புதிதாகச் செய்துகொள்ளலாம். ஆனால் எஞ்சினின் ஒலியைக் கேட்டே கலவையின் அளவைச் சொல்லும் மிஸ்திரிகள் முதுமையடைந்து வருகின்றனர். அவர்களுடைய அறிவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. மேலைநாட்டுப் பழங்கார்ட் கூடுகைகள் பலவற்றில் வெற்றி தோல்வி அறிவிக்கப்படுவதில்லை. ஒருவருடைய எஞ்சின் கிளம்பாவிட்டால் பக்கத்து வண்டிக்காரர் ஸ்பானரோடு வந்து குனிகிறார். அப்போது அருகில் ஒரு சிறுவனோ சிறுமியோ நின்றால், விளக்கைப் பிடிக்கும் வேலை அவர்களுக்கே கிடைக்கிறது.