ஜமாஅத் இணையதளத்தின் முகவரி யார் பெயரில் இருக்கிறது?

பள்ளிவாசல், மதரஸா, கல்வி அறக்கட்டளை எனப் பலவற்றுக்கும் இன்று இணையதளம் உண்டு. ஆனால் அதன் முகவரி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால், "நம்ம தம்பி ஒருத்தர் வாங்கிக் கொடுத்தார்" என்பதே பல இடங்களில் பதில்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இணைய முகவரியை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. வாடகைக் கடை போல, ஒப்பந்தத்தின் பேரில் எடுக்கிறோம். டாட் காம் முகவரியை ஒரே தடவையில் 10 ஆண்டு வரைதான் பதிய முடியும். கட்டணத்தில் ஒரு பங்கு டாட் காம் பட்டியலை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனத்துக்குச் செல்கிறது. 2024 செப்டம்பரில் அது ஆண்டுக்கு 10.26 டாலரானது. உலக அளவில் முகவரிகளை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்புக்குச் சில சென்ட்கள். மீதி, நமக்குப் பதிந்து தரும் நிறுவனத்துக்கு. முதல் ஆண்டுச் சலுகையை மட்டும் பார்க்காமல், புதுப்பிக்கும்போது எவ்வளவு என்பதையும் கேளுங்கள்.

பணம் யார் கட்டினாலும், ஒப்பந்தத்தில் பதிவுதாரராக இருப்பவருக்கே உரிமை. தளம் வடிவமைத்தவர் தன் பெயரில் பதிந்திருந்தால், காகிதத்தில் ஜமாஅத்துக்கு இடமில்லை.

தவணை முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்புவது பதிவு நிறுவனத்தின் கடமை. அந்த மடல் வளைகுடாவுக்குப் போய்விட்ட ஒருவரின் பழைய மின்னஞ்சலுக்குச் சென்றால் யாருக்குத் தெரியும்? காலாவதியாகி நீக்கப்பட்ட டாட் காம் முகவரியைக் கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அதன்பின் 5 நாளில் அது யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி விடுவிக்கப்படும். பள்ளிவாசல் பெயரில் சூதாட்ட விளம்பரமோ, போலி நன்கொடைப் பக்கமோ வர அது போதும்.

எனவே முகவரியை ஜமாஅத் அல்லது அறக்கட்டளையின் பெயரில் பதியுங்கள். தனிநபர் மின்னஞ்சலைத் தவிர்த்து, நிர்வாகத்துக்கென்று ஒன்றைக் கொடுங்கள். கடவுச்சொல்லையும் புதுப்பிக்கும் தேதியையும் இரு பொறுப்பாளர்களாவது அறிந்திருக்கட்டும். நிர்வாகம் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு இதையும் ஒப்படையுங்கள்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. மக்களின் நன்கொடையில் எடுத்த முகவரியும் ஓர் அமானிதமே. இந்த ஜும்ஆவுக்குப் பிறகு உங்கள் நிர்வாகிகளிடம் கேட்டுப் பாருங்கள்: நம் முகவரி யார் பெயரில் இருக்கிறது?