கண்காட்சி திறந்திருக்கிறது, உள்ளே வாருங்கள்

"எனக்கு ஓவியமெல்லாம் புரியாது" என்று சொல்லும் சென்னைக்காரர்கள் பலர், ஒரு நவீனச் சிற்பத்தைப் பல வருடங்களாகப் பார்த்துப் பழகியவர்கள். மெரினாவில் நான்கு பேர் சேர்ந்து பாறையை நெம்பித் தள்ளுகிறார்களே, அந்த உழைப்பாளர் சிலைதான் அது. 1959இல் நிறுவப்பட்டது. வடித்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. அதே கடற்கரையில் நிற்கும் காந்தி சிலையும் அவர் செய்ததுதான். முறுக்கேறிய தசையும் வளைந்த முதுகும் யாரும் விளக்காமலே நமக்குப் புரிந்துவிடுகின்றன. ஓவியக் கண்காட்சிக்குப் போகவும் அந்தக் கண் போதும்.

மார்கழியில் சபா வாசலில் நிற்கும் மயிலாப்பூர்க்காரர்கள் எல்லோரும் சுரம் எழுதத் தெரிந்தவர்கள் அல்ல. கேட்டுக் கேட்டுத்தான் ரசனை வந்தது. ஓவியத்துக்கும் அதுவே வழி. புதிதாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தருகிறேன்.

எங்கே போவது?

கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் சென்னை மண்டல மையம் இருக்கிறது. 1954இல் தேசிய அளவில் தொடங்கிய அகாடமிக்கு முதல் தலைவர் நம் ராய் சவுத்ரியேதான். இங்கே கண்காட்சிகள் அடிக்கடி மாறும். பல கண்காட்சிகள் ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். பொதுவாக அனுமதி இலவசம். ஆயிரம் விளக்கு மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் சாலையில் சி.பி. ஆர்ட் சென்டர் இருக்கிறது. அடையாறுக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் இறங்கலாம். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் 1966இல் உருவாக்கிய குடியிருப்பு அது. பாத்திக் துணி போன்ற கைவேலைகளைச் செய்து விற்றுத் தங்கள் வாழ்க்கைக்கும் கலைக்கும் வழிதேடிக்கொண்டவர்கள் அவர்கள். 'மெட்ராஸ் இயக்கம்' என்று பேசப்படும் ஓவிய அலையின் படைப்புகளை அங்குள்ள அருங்காட்சியகத்தில் எப்போதும் பார்க்கலாம். பக்கத்துக் கூடங்களில் புதிய கண்காட்சிகள் வந்துபோகும்.

1851இல் தொடங்கிய எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. பழைய சென்னைவாசிகள் வைத்த 'செத்த காலேஜ்' என்ற பெயரைச் சொன்னால் தாத்தா பாட்டிகளுக்குச் சட்டென்று தெரியும். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம். சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்படத் திருவிழா 2016இல் தொடங்கியது. 2019இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் போன்ற பழைய கட்டடங்களுக்குள்ளும் படங்களைக் கொண்டுபோய் மாட்டியது.

பெயர்ச்சீட்டில் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் சிறிய சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, எதில் எதனால் வரைந்தது, அளவு ஆகியவை அதில் இருக்கும். அளவில் பெரும்பாலும் உயரம் முதலில், அகலம் பிறகு. 'தலைப்பில்லை' என்று போட்டிருந்தால் ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைக்க வேண்டாம். ஓவியர் நம் பார்வையை ஒரு சொல்லால் கட்டிப்போட விரும்பவில்லை, அவ்வளவுதான். விற்பனைக் கண்காட்சியில் சீட்டின் மேல் சிவப்புப் பொட்டு இருந்தால் படம் விற்றுவிட்டது. வாங்காதவர்களும் தயங்காமல் பார்க்கலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

சீட்டை முதலில் படிக்காதீர்கள். படத்தைப் பாருங்கள், பிறகு சீட்டுக்கு வாருங்கள், மறுபடி படத்துக்குப் போங்கள்.

எப்படிப் பார்ப்பது?

பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கி வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை எடுத்துக்கொள்வோம். தூரத்திலிருந்து பார்த்தால் பழைய ஏட்டின் பக்கம் போலத் தெரியும். கிட்டே போனால் ஜாதகக் கட்டங்கள், பட்டியல்கள், பொடிப்பொடியான எழுத்துகள். மலையாளம் போல இருக்கிறதே என்று வாசிக்கப் பார்ப்போம், வாசிக்க வராது. அவை பொருள் தருவதற்காக எழுதப்பட்டவை அல்ல. எழுத்தின் வடிவத்தையே வண்ணம் போலவும் கோடு போலவும் பயன்படுத்தியிருக்கிறார். ஐரோப்பாவைப் பார்த்து வரையாமல் நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் ஜாதகத்திலிருந்தே நவீன ஓவியத்தை உண்டாக்க முடியும் என்று அவர் காட்டினார். இதைக் காண, முதலில் எட்ட நின்று முழுப் படத்தையும், பிறகு ஒரு முழ தூரத்தில் நின்று ஒரு மூலையையும் பார்த்தால் போதும்.

சிற்பம் என்றால் சுற்றி வரவேண்டும். எழும்பூர் வெண்கலக் கூடத்தில் உள்ள திருவாலங்காடு நடராஜரைக் கோயிலில் போல முன்னால் மட்டும் நின்று பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். திருவாசி இல்லாததால் அந்த உடலின் ஓட்டம் எந்த மறைப்பும் இன்றித் தெரிகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரொதான் இதைப் புகைப்படங்களில் மட்டுமே பார்த்து உருகி எழுதிய கட்டுரை 1921இல் வெளியானது. நமக்கோ அது ஒரு மெட்ரோ பயண தூரத்தில் நேரிலேயே இருக்கிறது.

ஏன் தொடக்கூடாது? ஏன் வெளிச்சம் குறைவு?

விரலில் உள்ள உப்பும் எண்ணெய்ப் பசையும் உலோகத்தை அரிக்கும், வண்ணத்தைக் கறையாக்கும். வெண்கலத்தை உள்ளிருந்தே தின்னும் அரிப்பு நோய்க்கு முக்கியக் காரணம் குளோரைடு உப்பு. அதை மின்னாற்பகுப்பு முறையில் அகற்றும் வேலையை 1930களிலேயே எழும்பூர் அருங்காட்சியகத்தில் வேதியியலாளர் எஸ். பரமசிவன் செய்தார். அரிய சிலைகள் பல இன்று பொலிவோடு நிற்பதற்குப் பின்னால் அப்படிப்பட்ட உழைப்பு இருக்கிறது.

வெளிச்சமும் அப்படித்தான். காகிதம், துணி, நீர்வண்ணப் படங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவும், எண்ணெய் ஓவியங்களுக்குச் சுமார் 200 லக்ஸும் போதும் என்பது அருங்காட்சியகங்கள் பொதுவாகப் பின்பற்றும் வரையறை. அதற்கு மேல் போனால் நிறம் வெளுக்கும், வெளுத்த நிறம் திரும்ப வராது. அதனால்தான் பிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம் என்கிறார்கள்.

திறப்பு நாளில் போகலாமா?

தாராளமாகப் போகலாம். பெரும்பாலும் மாலையில் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்குவார்கள். கூட்டம் இருக்கும், படம் பார்க்க இடம் கிடைக்காது. ஆனால் ஓவியர் நேரில் இருப்பார். "இதை எங்கிருந்து தொடங்கினீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலான ஓவியர்கள் மகிழ்ந்து பதில் சொல்வார்கள். நிதானமாகப் பார்க்க வார நாளில் இன்னொரு முறை போங்கள்.

எழுத்தாளர் கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளும் வாரந்தோறும் நம் வீட்டுக்கு வந்தன. சிற்பி எஸ். தனபால் மயிலாப்பூரில் பிறந்தவர். இந்தக் கலை நமக்கு அந்நியமானதல்ல. பூட்டி வைத்ததும் அல்ல. கூடங்கள் காலியாகக் கிடந்தால்தான் அவை மெல்ல மூடப்படும். ஆகவே அடுத்த கண்காட்சி அறிவிப்பைப் பார்த்ததும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. பிடித்த ஒரு படத்தின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள், அது போதும்.