கம்பெனிக்குக் கை உண்டா?



வேலைக்காட்டிலிருந்து திரும்பிக் கை கால் கழுவி, ஒரு குவளை காப்பியோடு அஞ்சடியில் நீங்கள் உட்காரும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். உள்ளே உங்கள் மகன் தொலைக்காட்சியின் முன்னே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். திரையில் காற்பந்தாட்டம். ஆனால் அது திடலில் நடக்கும் ஆட்டமன்று. அவன் பொத்தானை அமுக்க அமுக்கத் திரையில் உள்ள பொம்மை மனிதர்கள் ஓடுகிறார்கள், உதைக்கிறார்கள், வழுக்கி விழுகிறார்கள். "விளையாட்டாம் விளையாட்டு! கண்தான் கெடப் போகிறது!" என்று ஓர் அதட்டல் போடுகிறீர்கள்.

நானும் அப்படித்தான் அதட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாலை என் மாணவன் ஒருவனின் வீட்டுக்குப் போனதிலிருந்து என் எண்ணம் மாறியது.

அவன் ஐந்தாம் ஆண்டு மாணவன். மூன்று நாளாக வீட்டுப்பாடம் செய்யவில்லை. காரணம் கேட்கப் போனேன். பையன் விளையாட்டில் மூழ்கிக் கிடந்தான். நான் வாசலில் நிற்கும்போதே அவனுடைய கோல்காவலர் பந்தைக் கோட்டை விட்டார். பையனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"பாருங்க சார், மரம் மாதிரி நிக்கிறான்! இந்த கேமைச் செஞ்சவன் சரியான மடையன் சார்!"

"யாரப்பா செய்தது?" என்று கேட்டேன்.

"கம்பெனி சார்."

"கம்பெனியில் யார்?"

"கம்பெனிதான் சார்!"

அருகில் உட்கார்ந்திருந்த அவன் தந்தை சிரித்தார். செம்பனைக் குலை வெட்டுபவர். "நான் வெட்டுற குலையையும் வெளியில கம்பெனி எண்ணெய்னுதான் சார் சொல்றாங்க. கம்பெனிக்கு ஏது சார் கை?" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னை உறுத்தியது. பால்மரம் வெட்டிய ஒரு தாயின் பிள்ளை நான். இருட்டில் எழுந்து, தலைவிளக்கோடு நிரைக்குப் போய், அட்டைக் கடியிலும் கொசுக் கடியிலும் அவர் எடுத்த பாலை, மோட்டார் வண்டியில் போகிறவர்கள் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்று பலமுறை மனம் நொந்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், இந்த விளையாட்டுக்குப் பின்னால் இருக்கும் கைகளை ஒருமுறையாவது நினைத்ததுண்டா? இல்லை.

திடலில் ஒரு சோதனை

மறுநாள் உடற்கல்விப் பாடவேளையில் மாணவர்களைத் திடலுக்கு அழைத்துச் சென்றேன். ஒரு மாணவனை இயந்திரமாக நிற்கச் சொன்னேன். மற்றவர்கள் கட்டளை இட வேண்டும். சொன்னதை மட்டுமே அவன் செய்வான். தானாக எதையும் செய்யக்கூடாது. பந்தை அவன் வலைக்குள் உதைக்க வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு.

"பந்தை உதை!" என்றார்கள். அவன் அசையவில்லை. பந்து எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே! "நட!" என்றார்கள். நடந்தான். பந்தைத் தாண்டிப் போய் வேலியில் முட்டிக்கொண்டு நின்றான். "நில்" என்று சொல்ல மறந்துவிட்டார்கள். திருப்பிக் கொண்டுவந்து, "வலது காலைத் தூக்கு!" என்றார்கள். தூக்கியவன் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றுகொண்டே இருந்தான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பாடவேளை முடிந்து மணி அடித்தபோது ஒரு கோல்கூட விழவில்லை.

வகுப்புக்குத் திரும்பியதும், மடையன் என்று திட்டிய அதே மாணவன் கேட்டான்: "சார், எதிர்ல ஒருத்தன் ஓடி வந்தா அதுக்கும் சொல்லணுமா? மழை பெஞ்சா? பந்து கம்பத்துல பட்டா?"

எல்லாவற்றுக்கும் சொல்ல வேண்டும் என்றேன். வீடியோ விளையாட்டு செய்கிறவர்களின் வேலை இதுதான். கணினிக்குத் தானாக ஒன்றும் தெரியாது. நடப்பதற்கு ஒரு கட்டளை, திரும்புவதற்கு ஒரு கட்டளை, களைப்படைவதற்கும் ஒரு கட்டளை. கோல்காவலர் எல்லாப் பந்தையும் பிடித்துவிட்டால் விளையாட யாருக்கும் மனம் வராது. எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் அப்படியே. ஆகவே, எப்போது, எந்த அளவுக்குத் தவறு செய்ய வேண்டும் என்பதையும் அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பையன் மடத்தனம் என்று நினைத்த தவற்றுக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய யோசனை இருந்திருக்கக்கூடும்.

இரண்டு கோடும் ஒரு புள்ளியும்

இந்த வேலையை முதலில் செய்தவர்கள் யார் என்று அறிய ஆவல் பிறந்தது. தேடிப் படித்தேன்.

நம் நாடு மெர்டேகா பெற்ற மறு ஆண்டு, 1958 அக்டோபரில், அமெரிக்காவின் புருக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் பார்வையாளர் தினம் நடந்தது. வருகிறவர்களுக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்க வேண்டும் என்று வில்லியம் ஹிகின்போத்தம் என்ற விஞ்ஞானி, மின் அலைகளைக் காட்டும் கருவியின் சிறிய வட்டத் திரையில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்தார். வரைந்தவர் அவர். சில வாரம் உட்கார்ந்து அதைக் கட்டிக் கொடுத்தவர் ராபர்ட் டுவோராக் என்ற தொழில்நுட்பப் பணியாளர். திரையில் தெரிந்ததெல்லாம் தரைக்கு ஒரு கோடு, வலைக்கு ஒரு சிறு கோடு, பந்துக்கு ஒரு புள்ளி. அதை ஆடிப் பார்க்க மக்கள் வரிசை பிடித்து நின்றார்களாம்.

1972இல் அட்டாரி என்ற நிறுவனத்தில் சேர்ந்த ஆலன் அல்கோர்ன் என்ற இளைஞரிடம், அதன் முதலாளி நோலன் புஷ்னெல் மேசைப்பந்து போன்ற ஆட்டம் ஒன்றைச் செய்யச் சொன்னார். உண்மையில் அது கைப்பழக்கத்துக்காகக் கொடுத்த வேலை. அல்கோர்ன் அதோடு நிற்கவில்லை. மட்டையை எட்டுப் பகுதியாகப் பிரித்து, பந்து எந்தப் பகுதியில் படுகிறதோ அதற்கேற்ப வெவ்வேறு கோணத்தில் திரும்பும்படி அமைத்தார். ஆட்டத்துக்கு உயிர் வந்தது. 'பொங்' என்று பெயரிட்ட அந்த இயந்திரத்தைக் கலிபோர்னியாவில் ஒரு மதுக்கடையில் வைத்தார்கள். சில நாளில் அது நின்றுபோனது. பழுது பார்க்கப் போன அல்கோர்ன் திறந்து பார்த்தால், காசு நிரம்பி வழிந்ததால் இயந்திரம் அடைத்துக் கொண்டிருந்தது!

இரண்டு மட்டைக்கும் ஒரு பந்துக்குமே இந்தப் பாடு என்றால், ஒரு முழுக் குழுவுக்கு எப்படி இருக்கும்? 1984இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ட்ரிப் ஹாக்கின்ஸ், அமெரிக்கக் காற்பந்தின் புகழ்பெற்ற பயிற்றுநர் ஜான் மேடனை அணுகினார். அது நாம் ஆடும் காற்பந்து அன்று; கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். அந்நாளைய கணினிக்குப் பக்கத்துக்குப் பதினொருவரை ஓட்டச் சக்தி போதாது. ஆளைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மேடன் மறுத்துவிட்டார். பதினொருவர் இல்லாவிட்டால் அது அந்த ஆட்டமே இல்லை என்பது அவர் கட்சி. அந்த ஒரு பிடிவாதத்துக்கு ஈடுகொடுத்து வேலையை முடிக்க ஆண்டுகள் ஓடின. 1988இல்தான் விளையாட்டு கடைக்கு வந்தது.

ஊர் கூடி இழுக்கும் தேர்

இன்று நிலைமை வேறு. ஒரு பெரிய காற்பந்து விளையாட்டைச் செய்வது ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றது. கட்டளை எழுதுகிறவர் ஒரு பக்கம், ஆட்டக்காரரின் முகத்தையும் சட்டையின் மடிப்பையும் வரைகிறவர் ஒரு பக்கம், புல்லையும் கூட்டத்தின் இரைச்சலையும் சேர்க்கிறவர் இன்னொரு பக்கம். வருணனையாளர் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து, ஆட்டக்காரர்களின் பெயரைச் சாதாரணமாக ஒரு தரம், பரபரப்பாக ஒரு தரம் என்று மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். பிறகு, வேலையே பிழை தேடுவதாக இருக்கும் ஆட்கள் வருகிறார்கள். ஒரே ஆட்டத்தை, ஒரே உதையைத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பவர்கள் அவர்கள்.

ஓட்டம் உண்மையாக இருக்க வேண்டுமே, அதற்கு என்ன செய்கிறார்கள்? 1996இல் வந்த பிஃபா 97 விளையாட்டுக்காகப் பிரெஞ்சு ஆட்டக்காரர் டேவிட் ஜினோலாவின் அசைவுகளைப் பதிவு செய்தார்கள். 2021இல் வந்த பிஃபா 22க்கு, உணர்கருவி பொருத்திய உடையை இருபத்திரண்டு ஆட்டக்காரர்களுக்கும் அணிவித்து ஒரு முழு ஆட்டத்தையே ஆட வைத்தார்கள். அந்த வரிசை 2023 முதல் வேறு பெயரில் வருகிறது.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. செப்பாங் பந்தயத்தளத்தில் 1999 முதல் 2017 வரை பார்முலா ஒன் கார்ப் பந்தயம் நடந்தது. 5.543 கிலோமீட்டர் நீளம், பதினைந்து வளைவு. பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 2010இல் வெளியிட்ட பார்முலா ஒன் விளையாட்டில் அந்தத் தளமும் உண்டு. அந்நிறுவனம் தன் பந்தய விளையாட்டுகளுக்குப் படவேலை செய்யக் கோலாலம்பூரிலேயே ஒரு கூடம் வைத்திருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளும் எட்டக்கூடிய தொழில்தான் இது.

பெயரும் கூலியும்

இனி, உழைக்கும் குடும்பங்களாகிய நமக்கு நன்றாகப் புரிகிற ஒரு செய்தியைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் அட்டாரி நிறுவனம், விளையாட்டைச் செய்தவரின் பெயரை வெளியிடுவதில்லை. நிறுவனத்துக்குப் பணம் குவிந்தது. செய்தவருக்குச் சம்பளம் மட்டுமே. பெயரும் பங்கும் கேட்ட நால்வர், அது கிடைக்காமல் வெளியேறி 1979இல் ஆக்டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுள் பாப் ஒயிட்ஹெட் குத்துச்சண்டை விளையாட்டைச் செய்தார்; ஆலன் மில்லர் டென்னிஸ் விளையாட்டைச் செய்தார். செய்தவர் இன்னார் என்று வாங்குகிறவருக்குத் தெரியும்படி பெயரை அச்சிட்டார்கள்.

பெயர் கிடைத்தது, ஓய்வு கிடைத்ததா? விளையாட்டுப் பருவம் தொடங்கும்போது புது விளையாட்டு கடைக்கு வந்தாக வேண்டும். தேதி நெருங்க நெருங்க, இராப்பகலாக வேலை வாங்குவது இத்தொழிலின் பழைய நோய். 2004இல் ஒரு பெண் இணையத்தில் கடிதம் ஒன்றை வெளியிட்டார். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸில் வேலை செய்த தம் வருங்காலக் கணவர், வாரம் ஏழு நாளும் காலையிலிருந்து இரவு வரை வேலை வாங்கப்படுவதையும், அதற்கு மிகைநேரக் கூலி கிடையாது என்பதையும் அதில் எழுதினார். அவர் வேலை செய்தது விளையாட்டுப் போட்டி சம்பந்தப்பட்டதன்று. ஆனால் காற்பந்து விளையாட்டுகளை வெளியிட்டதும் அதே நிறுவனம்தான். ஓவர்டைம் கேட்டுப் பணியாளர்கள் தொடுத்த வழக்குகளில், 2005இல் ஓவியர்களுக்காக 15.6 மில்லியன் டாலரும், 2006இல் கட்டளை எழுதுகிறவர்களுக்காக 14.9 மில்லியன் டாலரும் கொடுக்க அந்நிறுவனம் இணங்கியது.

குளிரூட்டிய அறையில் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று நினைக்க வேண்டாம். முதுகு ஒடிவது வெயிலில் மட்டுமா? செய்த வேலை வீணாவதும் உண்டு. 'புட்பால் மேனேஜர்' என்ற விளையாட்டின் 2025ஆம் ஆண்டுப் பதிப்பு, எதிர்பார்த்த தரத்துக்கு வரவில்லை என்று, அதைச் செய்தவர்களே 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள். முன்பணம் கட்டியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். அரைகுறையைத் தலையில் கட்டாமல் நிறுத்தியது நேர்மைதான். ஆனாலும், அதற்காகக் கண் விழித்தவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

என் பங்குக்கு ஒரு குற்றம்

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நானும் நண்பர்களும் இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்குக் கள்ள வட்டு வாங்கிக் காற்பந்து விளையாடினோம். மலிவாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்தோம். கள்ளத்தனமாகப் படியெடுத்தவனுக்கு ஐந்து வெள்ளி. உழைத்தவனுக்கு ஒரு காசும் இல்லை. என் தாய் எடுத்த பாலை எவனாவது இரவில் திருடி விற்றிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா? அன்று இது உறைக்கவில்லை. இன்று உறைக்கிறது.

ஆகவே பெற்றோர்களே, நான் வேண்டுவது இவ்வளவுதான். விளையாட நேரம் குறித்துக் கொடுங்கள். பாடம் முடிந்த பிறகே விளையாட்டு என்பதில் கண்டிப்பாக இருங்கள். வாங்கிக் கொடுக்க வசதி இருந்தால் நேர்மையான வழியில் வாங்குங்கள். புதியது விலை அதிகம் என்றால் பழைய ஆண்டுப் பதிப்பு போதும். பந்து அதிலும் உருண்டைதான்! பிள்ளை ஆத்திரத்தில் திட்டும்போது, "இதை யார் செய்தது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

சில வாரம் கழித்து அந்த மாணவனின் வீட்டுப் பக்கம் போனேன். வீட்டுப்பாடம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லிப் பாராட்டத்தான் போனேன். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். விளையாட்டின் ஒரு மூலையில் இருந்த, செய்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கண்டுபிடித்து ஓட விட்டிருந்தான். பெயர்கள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. எண்ணத் தொடங்கியவன் நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டான்.

"இன்னும் முடியல சார்!" என்றான்.

வேலை முடிந்து வந்த அவன் தந்தை, காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை பேரா!" என்றார்.