அடைபட்ட இடத்தில் ஒரு பொறி

தீபாவளி சமயத்தில் பொல்லாத பிள்ளைகள் பட்டாசைப் பால் டின்னால் மூடிக் கொளுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டவெளியில் வெறும் சத்தத்தோடு போய்விடும் அதே பட்டாசு, டின்னைக் கூரை உயரத்துக்குத் தூக்கி எறியும். காரணம் என்ன? வெளியில் வெடித்தால் சூடான காற்று நாலா பக்கமும் பரவிவிடும். அடைபட்ட இடத்தில் போக வழியில்லை. சுவரைத்தான் முட்ட வேண்டும்.

இந்தச் சிறு உண்மை பெருந்துயரமாகவும் வந்திருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை இருந்தது. 1988 ஜூலை 6. பழுது பார்ப்பதற்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்தார்கள். அந்தச் செய்தி இரவு வேலை ஆட்களுக்குப் போய்ச் சேரவில்லை. பம்பை ஓட்டினார்கள், எரிவாயு கசிந்தது, இரவு பத்து மணியளவில் வெடித்தது. அங்கிருந்த சுவர்கள் தீயைத் தாங்கக் கட்டியவை, வெடிப்பைத் தாங்க அல்ல. அவை பிளந்து, எண்ணெய்க் குழாய் உடைந்து, மேடை முழுதும் எரிந்தது. 167 பேர் மாண்டார்கள்.

இத்தனைக்கும் முதலில் கசிந்தது எவ்வளவு தெரியுமா? சுமார் 45 கிலோ என்று விசாரணையில் கணக்கிட்டார்கள். நம் வீட்டு 14 கிலோ எரிவாயுத் தோம்பு மூன்றின் அளவுதான்!

இதைக் கண்டறிய உதவியவற்றுள் ஒன்று கணினி. நார்வேயின் பெர்கன் நகர ஆய்வாளர்கள் 1980 முதல் இந்தக் கணக்கை உருவாக்கி வந்தார்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டைப் போல, அறையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வாயு எவ்வளவு, சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, அது பக்கத்துக் கட்டத்தை என்ன செய்யும் என்று, ஒரு நொடியை ஆயிரக்கணக்கான கூறுகளாக்கிக் கணினி கணக்கிடுகிறது. அந்த விடையை மெய்யான வெடிப்புச் சோதனைகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள்.

அதில் தெரிந்தது இரண்டு. குழாய்களும் இயந்திரங்களும் நெருக்கமாக இருந்தால், இடையே புகும் தீ சுழன்று வேகம் பிடிக்கிறது. தாராளமான திறப்பு இருந்தால் அழுத்தம் வெளியேறித் தணிகிறது.

தாய்மார்களே, நம் அடுப்பங்கரையும் ஓர் அடைபட்ட அறைதான். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். வாடை வந்தால் தீக்குச்சி உரசாதீர்கள். விளக்குச் சுவிட்சைத் தொடாதீர்கள். தோம்பை அடைத்து, கதவு சன்னலைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியே வந்துவிடுங்கள்.

வந்ததும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். வரிசை வீடுகளில் சுவர் ஒன்றுதானே? வடகடலில் அன்று போய்ச் சேராமல் நின்றதும் அப்படிப்பட்ட ஒரு வார்த்தைதான்.